சாம்பல் நிறத்தில் நாற்பது நொடி

அந்த அலுவலகத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. உட்காரும் நாற்காலியின் எண்தான் பெயர். நான்கு வருடம் அருகருகே உட்கார்ந்து ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தவர்கள்கூட, "பதினாறு, கொஞ்சம் நகரு" என்றுதான் பேசிக்கொள்வார்கள். யார் எந்தப் படத்துக்கு என்ன தீர்ப்புச் சொன்னார் என்பது வெளியே போகக்கூடாது என்று நிர்வாகம் செய்த ஏற்பாடு அது. அவள் பதினேழு.

வேலை இதுதான். ஊர் உலகத்தில் உள்ளவர்கள் கைபேசியில் எடுக்கிற படங்கள் தாமாகவே கம்பெனியின் சேமிப்புக்குப் போகின்றன. அவற்றை முதலில் ஓர் இயந்திரம் பார்க்கும். ஏதோ ஒரு குழந்தைக்குத் தீங்கு நடப்பதுபோல் அதற்குத் தோன்றினால் படத்தை இந்தக் கட்டடத்துக்குத் தள்ளிவிடும். இங்கே மனிதர்கள் பார்த்து 'உறுதி' அல்லது 'இல்லை' என்று அழுத்த வேண்டும். அவளுடைய வரிசைக்கு 'அடி' பிரிவு. காயம், தழும்பு, சூடு வைத்த தடம். இதைவிட மோசமானவை மேல்மாடிக்குப் போயின. அங்கிருந்து இறங்கி வருகிறவர்கள் லிஃப்டில் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

படங்கள் சாம்பல் நிறத்தில்தான் வரும். நாள் முழுக்க ரத்தத்தைச் சிவப்பாகப் பார்த்தால் பார்க்கிறவர்களின் தூக்கம் கெடுகிறது என்று மனநல மருத்துவர் ஒருவர் சொன்னதால் நிறத்தை எடுத்துவிட்டார்கள். குழந்தையின் முகத்தை ஒரு வெள்ளை வட்டம் மறைத்திருக்கும். அது குழந்தையின் மானத்துக்காக. ஒரு கோப்புக்கு நாற்பது நொடி. திரையின் மூலையில் ஓர் எண் குறைந்துகொண்டே வரும்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் நான்கு படங்கள் சேர்ந்து வந்தன. ஒரே கணக்கு, நான்கு நாட்களில் எடுத்தவை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்ட ஒரு சின்னக் கை. முழங்கையிலிருந்து தோள்வரை திட்டுத் திட்டாகக் கருமை. கழுத்தோரம் இன்னும் இரண்டு. சில திட்டுகள் கன்னங்கரேலென்று இருந்தன, சில வெளிறியிருந்தன. முதல் நாள் கருத்திருந்தது மூன்றாம் நாள் மங்கியிருந்தது, அதன் பக்கத்திலேயே புதிதாக ஒன்று கருத்திருந்தது.

பயிற்சியின்போது இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தை தவறி விழுந்தால் காயங்களுக்கெல்லாம் ஒரே வயது இருக்கும். புதியதும் பழையதும் கலந்து கிடந்தால் அது விழுந்த காயமல்ல, விழுகிற அடி.

மூன்று மாதத்துக்கு முன்பு இதே மாதிரி ஒரு கோப்பில் அவள் 'உறுதி' அழுத்தியிருந்தாள். சில வாரம் கழித்து மேற்பார்வையாளர் ஒரு தாளை எடுத்து வந்து வரிசைக்கு நடுவில் நின்று வாசித்தார். "குழந்தை இப்போது பாதுகாப்பாக இருக்கிறது." அவ்வளவுதான். எந்தக் குழந்தை, எந்த ஊர், ஒன்றும் கிடையாது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவள் மூன்று மாதம் ஓட்டியிருந்தாள்.

மூன்றாவது படத்தில் தரையில் கால் துடைக்கும் மிதியடி ஒன்றின் ஓரம் தெரிந்தது. மீன் வடிவம், ஒரு செதில் கிழிந்திருந்தது. பக்கத்தில் ஒரு துண்டு, அதிலும் கறுப்புப் புள்ளிகள். பூப்போட்ட துண்டு என்று அவள் கண் சொல்லிக்கொண்டது. முப்பத்தோராவது நொடியில் 'உறுதி' அழுத்தினாள்.

புதன்கிழமை அவளுக்கு வார விடுமுறை. அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்கா வீட்டில் அவளுக்குப் பெயர் ஆல்பம். மாமா வைத்தது. வேலையைப் பற்றி வீட்டில்கூட மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்ததால், "கம்ப்யூட்டர்ல படங்கள அடுக்கற வேலை" என்று சொல்லி வைத்திருந்தாள். அதில் பொய் இல்லை. உண்மையும் பெரிதாக இல்லை.

மாமா பள்ளி வேன் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு பிள்ளைகள். யாருக்குக் காய்ச்சல், யார் தாத்தா வீட்டில் இறங்க வேண்டும், எந்த அம்மா இன்று எந்த முனையில் நிற்பாள், எல்லாம் அவர் கைபேசிக்குத்தான் வரும். அன்று அவர் சோபாவில் உட்கார்ந்து வெறும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா ஆல்பம். நீ வந்தது நல்லதாப் போச்சு. இதப் படிச்சு எனக்கு அர்த்தம் சொல்லு. இருபத்திரண்டு புள்ளைங்கள நோகாம ஏத்தி இறக்கறவன் நான். எனக்குக் குழந்தைப் பாதுகாப்பு பாடம் எடுக்கறானுங்க."

அக்கா தன் கைபேசியை நீட்டினாள். 'உங்கள் கணக்கில் குழந்தையின் பாதுகாப்புக்கு எதிரான படங்கள் கண்டறியப்பட்டுள்ளன. கணக்கு முடக்கப்பட்டது. உரிய துறைக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது.'

எழுத்து எழுத்தாக அவளுக்குத் தெரிந்த வாசகம். பொத்தானை அழுத்தினால் அந்தப் பக்கம் இதுதான் போய் விழும் என்று அவளுக்குத் தெரியும். விழுந்த இடத்தில் நின்று படிப்பது இதுதான் முதல் தடவை.

"நேத்து ஒரு வீட்டு வாசல்ல பத்து நிமிஷம் ஹாரன் அடிச்சிருக்கேன்," என்றார் மாமா. "அந்தப் பையனுக்கு ராத்திரியிலேர்ந்து வாந்தி. அவங்கம்மா மெசேஜ் போட்டிருக்கா. எனக்கு எங்க வந்துச்சு? அப்பீலும் பண்ணிப் பாத்தேன். பதினோரு நிமிஷத்துல பதில். 'மீண்டும் பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை.' பதினோரு நிமிஷத்துல நான் ஒரு சந்துல வேனத் திருப்பக்கூட மாட்டேன்."

"கத்தாதீங்க. மெஷின் ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிச்சு," என்றாள் அக்கா. "நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு? பாத்துட்டுப் போகட்டுமே."

"மறைக்க ஒண்ணும் இல்லதான். அப்ப குளிக்கற ரூமுக்கு எதுக்குத் தாழ்ப்பா போட்டிருக்கே? உள்ள போய் திருடறியா?"

"ரெண்டும் ஒண்ணா? எங்கயோ எவனோ ஒரு புள்ளையப் போட்டு அடிச்சுட்டு அதப் படமும் எடுத்து வெச்சிருப்பான். அவன வேற எப்படித்தான் பிடிக்கறது?"

"பிடிக்கட்டும், யாரு வேண்டாங்கறா? என் வேன நிறுத்தி போலீஸ்காரன் சோதனை போட்டா நான் கீழ இறங்கி நிக்கறேன். அவன் என் கண்ணு முன்னாடி தேடுவான், கேட்டா நான் பதில் சொல்லுவேன். இவன் யாரு? எங்கயோ ஒரு ரூமுல உக்காந்துக்கிட்டு என் வீட்டுப் படத்தப் பாத்து, நான் எப்படிப்பட்டவன்னு முடிவு பண்ணிட்டான். அவன் பேரச் சொல்லச் சொல்லு. நேர்ல போய்ப் பேசிக்கறேன்."

மாமா மனத்தில் அது ஓர் ஆண். கண்ணாடி போட்ட, மூஞ்சியில் சிரிப்பில்லாத ஓர் ஆண். அவள் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன படம் மாமா?"

"படமா? நீயே நேர்ல பாரேன்." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய் வாலு, இங்க வா."

ஆறு வயது வாலு கையை விரித்தபடி ஓடி வந்தாள். முழங்கையிலிருந்து தோள்வரை திட்டுத் திட்டாகப் பளீரென்ற ஊதா. கழுத்தோரம் இன்னும் இரண்டு.

"சித்தி, நான் கத்திரிக்கா ஆயிட்டேன்."

"சிரங்கு," என்றாள் அக்கா. "டாக்டர் ஊதா மருந்து குடுத்திருக்காரு. தினமும் தடவி, தினமும் ஒரு படம் எடுத்து வெச்சு, அடுத்த தடவை வரும்போது காட்டச் சொன்னாரு. இவரு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒருநாள் விடாம எடுத்தாரு."

கை கழுவி வருகிறேன் என்று அவள் குளியலறைக்குப் போனாள். தரையில், போன தடவை அவள் வந்தபோது இல்லாத மீன் மிதியடி. ஒரு செதில் கிழிந்திருந்தது. அதன் நிறம் மஞ்சள் என்பது அவளுக்குப் புதுச் செய்தி. கொக்கியில் தொங்கிய வெள்ளைத் துண்டில் ஊதாப் புள்ளிகள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வாளியில் நிரம்பி வழிகிறவரை அப்படியே நின்றாள். இன்று தடவிய மருந்து கருத்திருக்கும், நேற்றுத் தடவியது வெளிறியிருக்கும். அதை நிறம் எடுத்துப் பார்த்தால் புதிய அடி, பழைய அடி.

அதற்குப் பிறகு அவள் செய்ததை வெகுநாள் கழித்தும் தன்னிடம் நியாயப்படுத்த அவளால் முடியவில்லை. ஈரப் பஞ்சை எடுத்துக்கொண்டு வாலுவின் அறைக்குப் போனாள். ஒரு திட்டை மெல்லத் துடைத்தாள். ஊதா கொஞ்சம் கரைந்தது, அடியில் ஆறிவரும் சிரங்கின் காய்ந்த தோல். அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மணிக்கட்டைப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிப் பார்த்தாள். வாலு கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள்.

"என்ன தேடறே?"

கதவருகே அக்கா.

"மருந்து ஒத்துக்கிச்சான்னு பாத்தேங்க்கா."

"காதுக்குப் பின்னாடி நாங்க மருந்து போடலியே," என்றாள் அக்கா. அதற்குமேல் கேட்கவில்லை.

நான்கு மணிக்குக் குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். தோளில் துணிப்பை, கையில் கோப்பு, வெயிலில் நடந்து வந்த களைப்பு. தண்ணீர் வாங்கிக் குடித்தார். மருத்துவரின் சீட்டைப் படித்தார். பிறகு, "வாங்க கண்ணு" என்று வாலுவை அருகே இழுத்து, கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். மணிக்கட்டைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கினார்.

அக்கா அந்த அம்மாளின் விரல்களைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பித் தங்கையைப் பார்த்தாள்.

"எனக்குப் புரியுது சார்," என்றார் அந்த அம்மாள். "சீட்டு இருக்கு, குழந்தை நல்லா இருக்கு, அப்படியே எழுதிக்கறேன். ஆனா கம்பெனியோட புகார் நிக்கற வரைக்கும் என் கை கட்டியிருக்கு. நீங்க குழந்தைகளோட வேலை பாக்கறவரு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அவங்க வாபஸ் வாங்கலேன்னா ஸ்கூலுக்கு ஒரு நகல் போயாகணும். அது விதி."

"அப்புறம் நான் நல்லவன்னு இன்னொரு நகல் அனுப்புவீங்களா?"

"அனுப்புவோம்."

"மொத நகலப் படிச்ச அம்மா எவளாவது ரெண்டாவது நகலப் படிச்சுட்டுப் புள்ளைய என் வேன்ல ஏத்துவாளா?"

அந்த அம்மாள் கோப்பை மூடினார். "மாட்டாங்க," என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

மறுநாள் பேருந்தில் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். விதிப்புத்தகம் தெளிவாகத்தான் இருந்தது. படத்தில் தெரிந்தவர் இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். வெளியே தெரிந்துகொண்டதை வைத்துத் தீர்ப்பு மாற்றக் கேட்கக்கூடாது. இல்லையென்றால் ஆளாளுக்குத் தன் சொந்தக்காரனைக் காப்பாற்றக் கிளம்பிவிடுவான். நல்ல விதிதான். அவள் விலகினால் கோப்பு பதினாறுக்கோ இருபதுக்கோ போகும். அவர்களும் சாம்பலில் பார்ப்பார்கள். படித்த பாடம் படித்தபடி 'உறுதி' அழுத்துவார்கள். நேற்று அப்பீலைப் பார்த்த ஆளும் அதைத்தான் செய்திருக்கிறார்.

நிறத்தோடு படத்தைத் திறக்கும் அனுமதி மேற்பார்வையாளருக்கு மட்டும்தான். நொடிக் கணக்கிலேயே பேசுகிற அந்தப் பெண்மணிக்கு வரிசையில் ரகசியப் பெயர் ஸ்டாப்வாட்ச். அவர் கதவை அவள் தட்டினாள்.

"திங்கக்கிழமை நான் பாத்த ஒரு கோப்பு எங்க அக்கா வீடு மேடம்."

ஸ்டாப்வாட்ச் பேனாவைக் கீழே வைத்தார். "அழுத்தும்போது தெரியுமா?"

"தெரியாது. முகம் மறைஞ்சிருந்துச்சு. நேத்துதான் தெரிஞ்சுது."

"வீட்ல இந்த வேலையப் பத்தி ஏதாவது சொன்னியா?"

"ஒரு வார்த்தை சொல்லல."

"அப்ப படிவம் எழுதிக் குடுத்துட்டு விலகிக்கோ. வெளிய பாத்தது எதையும் என்கிட்ட சொல்லாத. எனக்கும் காது கேக்கக்கூடாது."

"வெளிய பாத்தத சொல்லல மேடம். படத்துல இருந்தத சொல்றேன். மூணாவது படத்துல கீழ ஒரு துண்டு கிடக்கு. கையில இருக்கற அதே கருப்புதான் அந்தத் துண்டுலயும் இருக்கு. அடிபட்ட தோல் துண்டுல ஒட்டாது."

"ரத்தமா இருக்கலாம்."

"ரத்தம்னா கையில வழிஞ்ச தடம் இருக்கணும். இல்ல. இதத் திங்கக்கிழமையே நான் பாத்தேன். பூப்போட்ட துண்டுன்னு நெனச்சு முப்பத்தோராவது நொடியில அழுத்திட்டேன். ஒன்பது நொடி மிச்சம் பிடிச்சேன்."

ஸ்டாப்வாட்ச் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் திரையை அவளுக்குத் தெரியாதபடி திருப்பிக்கொண்டு கடவுச்சொல்லைத் தட்டினார். திரையின் வெளிச்சம் அவர் கண்ணாடியில் விழுந்தது. இரண்டு கண்ணாடி வட்டங்களிலும் ஊதா.

அவர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டார்.

"நிறம் பாக்கணும்னு கேட்டு இந்த வருஷம் எத்தனை பேர் இந்தக் கதவத் தட்டியிருக்காங்க தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"நீ ரெண்டாவது." சுட்டியைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. "வாபஸ் போயிடுச்சு. உன் அடையாள அட்டையக் குடு. நீ வீட்ல வாயத் திறக்கலேன்னு விசாரிச்சு முடிக்கற வரைக்கும் வராத." அட்டையை வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, நிமிராமலேயே கேட்டார். "அது மருந்தா இல்லாம இருந்து, நீ அழுத்தாம விட்டிருந்தா?"

"நேத்து முழுக்க அதையும்தான் நெனச்சேன்."

சனிக்கிழமை மத்தியானம் அக்கா அவள் அறைக்கே வந்துவிட்டாள். கையில் சாப்பாட்டு டப்பா. கோபமாக இருந்தாலும் வெறுங்கையோடு வரத் தெரியாதவள்.

"அவருக்கு எல்லாம் திரும்ப வந்துடுச்சு," என்றாள் செருப்பைக் கழற்றியபடி. "ரெண்டு வரி அனுப்பியிருக்கான். சிரமத்துக்கு வருந்துகிறோம்னு. தெருவுல போறவனக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டறாரு. இப்ப ஒரு நோட்டு வாங்கி எல்லா அம்மாங்க நம்பரையும் கையால எழுதிட்டிருக்காரு. கையெழுத்துதான் ஆண்டவனுக்கே புரியாது."

"வாலு?"

"கத்திரிக்கா வெளுத்துட்டு வருது."

தட்டை எடுத்து வைத்தார்கள். அக்கா சாப்பிடவில்லை.

"நீ என்ன வேலை பாக்கறேன்னு நான் கேக்கப்போறதில்ல. கேட்டா நீ பொய் சொல்லணும். அது வேண்டாம். வேற ஒண்ணு கேக்கறேன், அதுக்கு நெசம் சொல்லு. அன்னைக்கு ஈரப் பஞ்சோட உக்காந்திருந்தியே. ஊதா போனப்புறமும் எதுக்கு அந்தக் கையப் பாத்தே?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பழக்கம்க்கா" என்று சொல்லலாம். அதுவும் பொய்யில்லை.

"ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துச்சு."

"எங்க ரெண்டு பேர் மேலயுமா?"

"ம்."

அக்கா எழுந்து போய் ஜன்னலருகே நின்றாள். கீழே யாரோ சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்த முடியாமல் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்துட்டுப் போகட்டும்னு நான்தான் சொன்னேன்," என்றாள் அக்கா. "யாரோ பாத்தா பரவாயில்லன்னுதான் நெனச்சுட்டிருந்தேன். நீ பாத்ததுதான் தாங்கல." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அந்த அம்மா கையத் திருப்பிப் பாத்தப்போ எனக்குக் கோவமே வரல தெரியுமா? சரியாத்தான் பாக்கறாங்கன்னு தோணுச்சு. வேற ஏதாவது வீட்ல இப்படிப் பாக்கறதுக்கு ஒரு ஆள் வரணுமேன்னு தோணுச்சு. ஆனா அவங்க கதவத் தட்டிட்டு வந்தாங்க. பேரு சொன்னாங்க. தண்ணி வாங்கிக் குடிச்சாங்க."

"அக்கா..."

"உங்க மாமாகிட்ட சொல்லிடாத. ஆல்பம் ஆல்பம்னு தலையில தூக்கி வெச்சிருக்காரு. இறக்கி வெக்க அவருக்குத் தெரியாது." திரும்பி வந்து உட்கார்ந்தாள். "சாப்பிடு. ஆறிடுச்சு."

அடுத்த வாரம் அட்டை திரும்பக் கிடைத்தது. அதோடு ஒரு புதுத் தாளும். கோப்பில் சந்தேகம் இருந்தால் நிறம் கேட்டு மேற்பார்வையாளருக்கு அனுப்பலாம், ஆனால் அந்த நேரம் அவரவர் நொடிக் கணக்கில் கழியும் என்று அதில் எழுதியிருந்தது. "இதுக்கு யாரு கேப்பா?" என்றான் பதினாறு. "கேக்கறவன் மாசக் கடைசியில வேகப் பட்டியல்ல கடைசி ஆளா நிப்பான்."

பத்தரை மணிக்கு அவளுக்கு ஒரு கோப்பு வந்தது. இரண்டு படங்கள். ஒரு சின்ன முதுகின் மேற்பகுதி, சட்டைக் கழுத்தைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் பெரிய கை. திட்டுத் திட்டாகக் கருமை, சில கறுத்தவை, சில வெளிறியவை. அவள் துண்டைத் தேடினாள். துண்டு இல்லை. சட்டைக் கழுத்தில் கறை இருக்கிறதா என்று பார்த்தாள். சாம்பலில் தெரியவில்லை. இருபத்தெட்டு, இருபத்தேழு.

எங்கோ ஒரு வேன் ஓட்டுகிறவர் தினமும் தவறாமல் மருந்து தடவிப் படம் எடுத்துக்கொண்டிருக்கலாம். எங்கோ ஒரு குழந்தை காதுக்குப் பின்னால் யாராவது முடியை ஒதுக்கிப் பார்க்க மாட்டார்களா என்று காத்திருக்கலாம். இரண்டில் எது என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவளுக்குத் தெரியாது.

நிறம் கேட்டு அழுத்தினாள். மூலையில் எண் பூஜ்யத்தைத் தொட்டு, சிவந்து, மறுபடி மேலே ஏறத் தொடங்கியது. பதினாறு எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினான். ஒரு நிமிஷம் ஆயிற்று. ஒன்றரை நிமிஷம் ஆயிற்று.

மேற்பார்வையாளரின் அனுமதி வந்து திரை நிறமானது. கருமை இருந்த இடத்தில் கன்றிப்போன நீலம், அதன் ஓரத்தில் மஞ்சள், கழுத்துப் பக்கம் சிவப்பு. சட்டை துவைத்த வெள்ளை. அதில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

அவள் கடைசி ஓரம்வரை பார்த்து முடித்தாள். பிறகு 'உறுதி' அழுத்தினாள்.